குங்குமம் வைத்த கம்ப்யூட்டர்

பாலக்கரை டோரதியிடம் எதையும் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர முடியாது. ஃபேன் எப்போதும் ஒரே பக்கமாக ஏன் சுற்றுகிறது என்று கேட்டு என் சாப்பாட்டு நேரத்தையே தின்றவள். அவள் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1988இல் நல்லுசாமி முதலாளி தன் பம்புசெட் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதற்கென்றே அவளை வேலைக்கு வைத்தார். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். முசிறி, தொட்டியம் வாழைக்காரர்கள் எந்த சாமான் கேட்டாலும், இருக்கிறதா என்று அவளிடம்தான் விசாரிப்பேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். கம்ப்யூட்டரையே ஓட்டுகிற டாஸ் என்ற மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். தன் ஃப்ளாப்பியைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, எங்கள் பழைய சரக்குக் கணக்கு ஓடுவதைக் காட்டிவிட்டு ரயிலேறினார். மறுநாள் தராசு, ஸ்பானர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கடை ஆள் பிச்சைமுத்து, கம்ப்யூட்டரைத் தொட மட்டும் பயந்தான். "குடுங்கண்ணே" என்று வாங்கி டோரதிதான் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜையில் இருந்ததை அன்றைக்கு யாரும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் கணக்கைத் திறந்தால், அளவுக்கு மேல் கோப்புகள் திறந்திருக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது.

முதலாளியின் கண் நேரே பொட்டுக்குப் போனது. "குங்குமம் உள்ள கொட்டிருச்சு. சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா பொட்டியத் திருப்பிக் குடுத்துடறேன். அப்புறம் உனக்கும் இங்க வேலை இல்லம்மா."

டோரதியின் முகம் சுண்டிப்போயிற்று. பொட்டு வைக்கும்போது பக்கத்தில் கைகூப்பி நின்ற மனுஷன் இவர். மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டால், இங்கே வந்துபோனவர் லீவு என்றார்கள்.

டோரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணக்கில் மூன்று கோப்புகள்: சாமான்கள், வாடிக்கையாளர்கள், ரிப்பேர். தனித்தனியாகத் திறந்தாள், திறந்தன. இரண்டைச் சேர்த்துத் திறந்தாள், அதுவும் சரி. மூன்றாவது மாட்டிக்கொண்டது. வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ரெங்கராஜ் சார், எதை மூணாவதா திறந்தாலும் அதுதான் மாட்டுது. குங்குமத்துக்கு ஒண்ணு ரெண்டு மூணு தெரியுமா?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"ரெண்டோட நிறுத்துன்னு யாரோ சொல்லியிருக்காங்க சார். அவர் ஃப்ளாப்பியில ஓடுச்சே. அதுல இருந்தது இதுல இல்லையோ?"

அந்த ஃப்ளாப்பி மெட்ராஸுக்குப் போய்விட்டது. ஆனால் பழைய டாஸ் ஃப்ளாப்பி மேஜை டிராயரில் கிடந்தது. அதில் இருப்பதையும் கம்ப்யூட்டரில் இருப்பதையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். பழையதில் ஒரு குட்டிக் கோப்பு கூடுதலாக இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறக்கலாம் என்று அதில் ஒரு வரி. புதியதை ஏற்றியபோது அது போய்விட்டிருந்தது. அந்த வரியை அடித்துச் சேர்த்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். மூன்றும் திறந்தன.

முதலாளி வந்து திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஈரத்துணியை எடுத்துப் பொட்டைத் துடைக்கப் போனார்.

"இருக்கட்டும் சார். பாவம், அது என்ன பண்ணுச்சு?"

அவர் துணியைக் கீழே வைத்தார். "சரி, நாளைக்கு நேரத்துக்கு வந்துடும்மா."

"நான் என்னைக்கு சார் லேட்டா வந்தேன்?" என்று கேட்டாள் டோரதி.