காக்கா கொண்டுவந்த தொலைக்காட்சி

நான் இருக்கும் வீடு என் காக்கா, என் கூடப்பிறந்த அண்ணன், கட்டித் தந்தது. எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தகப்பனால் முடியாவிட்டால் மூத்த ஆண்பிள்ளை எங்காவது போய் உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டும். எங்கள் வாப்பாவால் முடியவில்லை. காக்கா ஆறு வருடம் சவூதி வெயிலில் நின்று, சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட இந்த வீட்டை எழுப்பினார். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்க அவர் விட்டதுமில்லை.

எனக்குக் கல்யாணமாகி இருபது வருடம் தாண்டிய பிறகும் இந்த வீட்டில் எதற்கும் முடிவு அவருடையதாகவே இருந்தது. சமையல் குசினிக் கதவுக்கு என்ன நிறம், முற்றத்துத் தென்னையை வெட்டுவதா விடுவதா, என் மகள் எந்தப் பாடம் எடுப்பது, எல்லாம் அவர் சொல்வார். என் கணவர் மாவடிப்பள்ளியில் வயல் செய்கிறவர். சண்டைக்குப் போகாத மனிதர். "ஒங்கட காக்கா தானே" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும்.

சென்ற வருடம் எங்கள் பழைய தொலைக்காட்சி உப்புக் காற்றில் செத்தது. முதலில் ஓரத்தில் கோடுகள் விழுந்தன. பிறகு பாதித் திரை பச்சையாகி, செய்தி வாசிப்பவரின் முகம் பாசி பிடித்த மாதிரி ஆனது. புதிது ஒன்று வாங்க வேண்டும் என்று வந்தபோது, இந்த ஒன்றையாவது நானே பார்த்து எடுப்பது என்று நினைத்துக்கொண்டேன். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். வருடா வருடம் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் கை காட்டியதை வாங்கி வர எனக்கு மனமில்லை.

இரண்டு கிழமை திரைகளைப் பற்றிப் படித்தேன். கடையில் எல்.ஈ.டி. என்று விற்பது திரவப் பளிங்குத் திரைதான். பின்னால் விளக்கு எரிய, முன்னால் பளிங்கு அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. கியூ.எல்.ஈ.டி. என்பதும் அதேதான், நிறம் எடுப்பாக வர இடையில் இன்னொரு படலம். ஓ.எல்.ஈ.டி. மட்டும் வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். மருதமுனையில் என்னோடு படிப்பிக்கிற ஒரு ஆசிரியையின் வீட்டில் அதைப் பார்த்தேன். யன்னலை மூடிவிட்டுப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அலைவரிசையை மாற்றியபோது, எந்நேரமும் ஓடிய செய்திச் சேவையின் சின்னம் மூலையில் அப்படியே மங்கலாக நின்றது. திரையில் பதிந்துவிட்டது, இனிப் போகாது என்றார்.

எங்கள் ஹோல், வீட்டின் முன்கூடம், கிழக்குப் பார்த்தது. மூன்று பெரிய யன்னல். காலையில் சுவர் முழுக்க வெளிச்சம். என் கணவர் வயலால் வந்தால் இரவு இஷாத் தொழுகை வரைக்கும் ஒரே செய்தி அலைவரிசை. நானோ பக்கவாட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே பார்க்கிறவள். ஆக, வெளிச்சத்துக்கு ஈடுகொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஒரு சாதாரண எல்.ஈ.டி. போதும் என்று முடிவு செய்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் காக்காவிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு காக்கா வந்தார்.

"ஓ.எல்.ஈ.டி. எடுப்பம். அரபிமார்ர வீட்டில எல்லாம் அதுதான்" என்றார்.

"வெளிச்சமான ஹோலுக்கு அது சரிவராது காக்கா."

"யன்னலுக்குத் தடிச்ச சீலை போடு."

"கடல் காத்து வாற யன்னல மூடிப்போட்டு டிவி பாக்கச் சொல்றீங்களா?"

காக்கா திரும்பினார். என் கணவரைப் பார்த்து, "மச்சான், இவ சின்னனிலயும் இப்பிடித்தான்" என்றார். கணவர் சிரித்து வைத்தார்.

அடுத்த நாள் நான் கல்முனைக்குக் கடைக்குப் போனபோது காக்காவும் வந்தார். கடைக்காரர் அவரோடு படித்தவர். கடையில் சுவர் முழுக்கத் திரைகள், எல்லாவற்றிலும் கண்ணைக் குத்துகிற நிறத்தில் கிளிகளும் பழங்களும். நான் கடைக்காரரிடம், "திரையில கடைக்கெண்டு கூட்டி வெச்ச வெளிச்சத்தக் குறைச்சுப்போட்டு, வீட்டில பாக்கிற மாதிரி வெச்சுக் காட்டுங்க" என்று கேட்டேன்.

அவர் காக்காவிடம் பதில் சொன்னார். "ஹாஜியார், தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுங்க. இப்பிடி வெச்சாத்தான் படத்தின்ட தரம் தெரியும்."

"கியூ.எல்.ஈ.டி.க்கும் ஓ.எல்.ஈ.டி.க்கும் என்ன வித்தியாசம் எண்டு கேட்டா சொல்லுவீங்களா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்டுதான் ஹாஜியார். எழுத்துத்தான் வேற."

நான் அவரைத் தாண்டிப் போய், ஒரு கியூ.எல்.ஈ.டி.யின் ஓரத்தில் நின்றுகொண்டு, "இஞ்ச வந்து நிண்டு பாருங்க. பழமெல்லாம் வெளிறிப்போய்க் கெடக்கு. பக்கத்தில இரிக்கிற ஓ.எல்.ஈ.டி.ல இப்பிடி இல்ல. பிறகு எப்பிடி ரெண்டும் ஒண்டு?" என்று கேட்டேன். கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் உண்மையாகவே வந்து நின்று பார்த்தார்கள். கடைக்காரரின் முகம் சுருங்கியது.

காக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. "படிப்பிக்கிறத ஸ்கூலோட வெச்சிக்க" என்றார். குரல் உயர்ந்தது. "ஆக்களுக்கு முன்னால என்ன கதை இது? வீடு கட்டினவன் நான். அந்தச் சுவர்ல என்ன தொங்கோணும் எண்டு எனக்குத் தெரியும்."

"கட்டித் தந்தீங்களா, வாடகைக்கு விட்டீங்களா?" என்று கேட்டேன்.

சொல்லிய பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று விளங்கியது.  காக்கா வெளியே போய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஓட்டோவில் வீட்டுக்கு வரும் வழியில் வேறு ஒரு கடையில் இறங்கி, நான் நினைத்த எல்.ஈ.டி.யைச் சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ஹோல் சுவரில் ஓ.எல்.ஈ.டி. தொங்குகிறது. நிலமெல்லாம் சுவர்த் தூசு. என் கணவர் கதிரையில் இருந்தார். காக்கா ஆட்களைக் கூட்டி வந்து சுவரில் ஓட்டை போட்டுப் பூட்டிவிட்டுப் போனாராம். திரை அணைந்திருந்தது. அதில் மூன்று யன்னலும் கண்ணாடியில் தெரிவது போலத் தெரிந்தன. நடுவில் கைப்பையோடு நான்.

"நீங்க ஒண்டும் சொல்லலியா?"

"ஒங்கட காக்கா தானே. அன்பளிப்பா நினைச்சிக்க."

"என்னைக் கேக்காம என்ட சுவர ஓட்டை போடுறது அன்பளிப்பா? கழட்டுங்க."

"கொஞ்சம் யோசி புள்ள."

"நீங்க கழட்டாட்டி நான் கழட்டுவன்."

அவர் எழுந்தார். இருவருமாகக் கழற்றி, வந்த பெட்டியிலேயே வைத்தோம்.  ஒரு சின்ன லொறியைப் பிடித்து ஏற்றினோம். அனுப்பினால் போதும் என்றார் அவர். நான் கேட்கவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி நானே போனேன்.

காக்கா இருப்பது அவருடைய மனைவியின் வீடு. மதினியின் வாப்பா கட்டிக் கொடுத்தது. கேற்றடியில் பெட்டியை இறக்கும்போது முதலில் மதினிதான் வந்தார். பின்னால் காக்கா, இடுப்பில் சாரத்தோடு.

"இது என்ன?" என்று மதினி கேட்டார்.

"காக்காட சாமான். பிழையான வீட்டுக்கு வந்திட்டு" என்றேன்.

மதினி அவரைத் திரும்பிப் பார்த்தார். இப்படியொன்று வாங்கியதே அவருக்குத் தெரியாது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. "இஞ்ச இத எங்க வெக்கிற? எங்கட ஹோல்ல ஒண்டு இரிக்கி. என்ட வீட்டுச் சுவர நான் ஒடைக்க விடமாட்டன்" என்றார்.

 காக்கா சாரத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் அவரால் முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டில் வந்து குசினிக் கதவுக்கு நிறம் சொன்னவர் இங்கே ஒரு பெட்டிக்கு இடம் சொல்ல முடியாமல் நின்றார். நான் இரங்கியிருக்கலாம். "சரி காக்கா, உள்ள வெச்சிட்டுப் பிறகு பாப்பம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்குள் இருந்ததோ வெறும் சந்தோசம். லொறியில் ஏறி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை என் தொலைக்காட்சி வந்தது. பகலில் தெளிவாகத் தெரிகிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. விளக்கை அணைத்தால் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும்; அது தெரிந்தே வாங்கியது. என் கணவர் நாலைந்து நாள் அதைப் போடாமலே இருந்தார். பிறகு செய்தி போட்டார்.

காக்கா அந்தப் பெட்டியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து இங்கே வருவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் அறுத்த குர்பான் இறைச்சி வந்தது, வேறு ஒருவர் கையில். நான் வாங்கிக்கொண்டேன், என் பங்கை அதேபோல அனுப்பினேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நேருக்கு நேர் வந்தோம். ஸலாம் சொன்னார். பதில் சொன்னேன். அவர் ஆண்கள் பக்கம் போனார், நான் பெண்கள் பக்கம் போனேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. அந்தத் தொலைக்காட்சியைத் திருப்பி அனுப்பியது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். லொறியில் நானும் ஏறிப் போனதை மட்டும் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.