சப்பரத்தின் நாலாவது தோள்

எனக்குப் பேய், காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. புதுமை, அற்புதம் நடந்தது என்று யாராவது சொன்னால்கூட, முதலில் சொன்னவர் முகத்தைத்தான் பார்ப்பேன். நீங்கள் சிரிப்பதானால் சிரியுங்கள், கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஜப்பான்காரன் காலம், மலாய் நாட்டில் காஜா பெராங்கில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இருக்கிறாரா இல்லையா, ஒரு சேதியும் இல்லை. அந்த நேரத்தில் அந்தோணியார் திருநாள் வந்தது. அவருடைய எலும்புத் துணுக்கு உள்ள வெள்ளிப் பேழையைச் சப்பரத்தில் வைத்து, நேர்ந்துகொண்ட நாலு பேர் சிவப்புத் துணி போட்டு நாலு மூலையில் தோள் கொடுப்பார்கள். ஒருவர் செத்த பிறகுதான் அவர் இடம் இன்னொருவருக்குப் போகும். பின்பக்க வலது மூலை என் வீட்டுக்காரருடையது.

கோயில் பெரியவர் வந்து, வேறு ஆளை நிறுத்தட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். 

"அவர் எடத்துல யாரும் தோள் வைக்கக் கூடாது. வச்சா நான் தாலிய கழட்டணும்," என்றேன்.

"மூணு பேரு தூக்குனா சாஞ்சிடும்மா."

"சாயட்டும்."

இருட்டுமுன் முடிக்க வேண்டுமென்று ஜப்பான்காரன் உத்தரவு, அதனால் நல்ல வெயிலிலேயே மூன்று பேர் தூக்கினார்கள். நம்பினால் நம்புங்கள், சப்பரம் சாயவில்லை. நான் ஜெபமாலையோடு பின்னாலேயே நடந்தேன். அந்த மூலைக் கம்புக்கு அடியில் ஒன்றுமே இல்லை. தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே பயந்தார்கள். நான் அழுதுகொண்டே போனேன்.

பக்கத்துக் கிராமமான கம்போங் செட்டியில் மலாய் பேசும் சிநேகிதி எனக்கு ஒருத்தி, வாசலில் நின்று பவனியைப் பார்த்தவள். மறுநாள் மலாயில் கேட்டாள், மூன்று பேர் தோளில் சிவப்புத் துணி போட்டீர்களே, பின்மூலை ஆளுக்கு மட்டும் ஏன் போடவில்லை என்று. என் வீட்டுக்காரரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவராக இருந்தால் பெயரைச் சொல்லியிருப்பாள்.

சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக அவர் திரும்பி வந்தார். அடுத்த திருநாளுக்கு நானே சிவப்புத் துணியை மடித்துக் கொடுத்து அனுப்பினேன். சப்பரம் வரைக்கும் போனவர், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னிடமே திரும்பி வந்தார்.

"அங்க ஆள் நிக்குது புள்ள. நகரச் சொல்ல எனக்கு வாய் வரல," என்றார்.

நடந்த எதையும் அதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. வேறு யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை. சாகும்வரை அவர் சப்பரத்துக்குப் பின்னால்தான் நடந்தார், தூக்கியவர்கள் மூன்று பேர்தான். இப்போது அந்த இடத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று கோயிலில் என்னைக் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு அது எங்களுடையதுதானா என்றே எனக்குத் தெரியவில்லை.