மரங்கொத்தியைப் படம் எடுத்த ஆள்

மலேசியாவில், ஸ்கூடாயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீட்டிலிருந்து சில வீடுகள் தள்ளி ஒரு மூலை வீடு. அதன் பக்கச் சுவருக்குள் தலை போன தென்னை ஒன்று வெறும் தூணாக நிற்கிறது. அதில்தான் மரங்கொத்தி வந்துகொண்டிருந்தது.

மகளுக்குப் பல் முளைக்கும் நேரம். காலையெல்லாம் அழுவாள். மரங்கொத்தி தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி கேட்பாள். அந்தச் சத்தம் பிள்ளையின் காதுக்கு ஆகுமா என்று இணையத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கும் பயந்தேன்.

அன்று தூறல். கணவர் விடியுமுன்பே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். மகளைத் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டி, அவள் நனையாமல் இருக்க, அவருடைய பழைய ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டேன். இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காற்றுக்கு அப்படித்தான் போடுவார்கள். ஜிப் முதுகுப் பக்கம் வரும். தலைக்கு அவர் தொப்பி.

பறவைக்குப் பொன் நிற முதுகு, சிவப்புக் கொண்டை. கைபேசியைத் தூக்கினால் மரத்தின் மறுபக்கம் போய்விடும். நான் சுவரோரமாக அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் வரும். கால் நுனியில் நின்றும், சுவருக்கு மேல் கையை நீட்டியும், பின்சந்துக்குள் போயும் எடுத்தேன். ஒரே ஒரு படத்தில்தான் கொண்டை தெளிவாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து மகளைத் தூங்க வைத்த பிறகு எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். யாரோ சிசிடிவி வீடியோ போட்டிருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவன், முகம் தெரியாமல், ஒரு வீட்டுச் சுவரை எட்டிப் பார்க்கிறான். ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டிருக்கிறான். பக்கவாட்டில் திரும்பும்போது, முன்னால் எதையோ மறைத்திருப்பதுபோல் புடைத்திருக்கிறது. மூன்று பக்கமும் போய்ப் படம் பிடிக்கிறான்.

எழுந்து போய் வாசல் கம்பிக்கதவின் கிரில் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பின்கதவையும் பார்த்தேன். இப்படி ஒருவன் திரிகிற தெருவில் காலையில் பிள்ளையோடு நின்றிருக்கிறேனே என்று, அவள் தூங்கும் அறையை எட்டிப் பார்த்தேன். வீடியோவை இன்னொரு முறை ஓட விட்டபோதுதான் அவன் காலில் இருந்த என் ஊதாச் செருப்பைப் பார்த்தேன்.

கீழே செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

“வீடு நோட்டம் பாக்குறான்லா.”

“புடிச்சா மொதல்ல கைய ஒடைக்கணும்.”

“தனியா இருக்கிற பொம்பளைங்க கதவப் பூட்டிக்கோங்க.”

கடைசிச் செய்தி என்னைப் போன்றவர்களுக்காகத்தான். ‘அது நான்’ என்று எழுதினேன், அழித்தேன். குழுவில் யாருக்கும் என் முகம் தெரியாது. படங்களைப் போட்டுவிடலாமா என்று பார்த்தால், எல்லாவற்றிலும் அந்த வீட்டுச் சுவர், பின்கதவு, ஜன்னல். கொண்டை விழுந்த படத்தில்கூடப் பறவை ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டுதான். திருடன் எடுத்தாலும் இப்படித்தான் எடுத்திருப்பான். கணவரைக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் அவர் கைபேசி லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

போலீசில் புகார் கொடுக்கப் போவதாக ஒருவர் எழுதினார். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ஜாக்கெட் இல்லாமல், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூலை வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா வயதில் ஒருவர் கிரிலுக்குப் பின்னால் வந்து நின்றார். திறக்கவில்லை.

“ஆன்ட்டி, நான் இந்த வரிசைக்குப் புதுசு. அந்த வீடியோவுல இருக்கிறது நான்தான்.”

“அது ஆம்பள ஆளும்மா.”

“இல்ல ஆன்ட்டி. முன்னாடி தூக்கிட்டு இருந்தது இவளத்தான்.”

மகளை உற்றுப் பார்த்தார். “பாராங்கத்தின்னுல நெனச்சேன். காலைலேருந்து குளிக்கக்கூட போவல நானு.”

“மரங்கொத்தி பாக்க வந்தேன்.”

“என் வீட்டுல எங்க மரங்கொத்தி?”

கம்பிகளுக்கு இடையில் கைபேசியை நீட்டினேன். கொண்டை தெரிந்த படத்தை விரலால் பெரிதாக்கினார். பறவையை அல்ல, பின்னாலிருந்த ஜன்னலை.

“இது என் அடுப்படி ஜன்னல். கொக்கி ஒடஞ்சது அப்படியே தெரியுது. இத அழிச்சிடுங்க.”

அழித்தேன்.

“குப்பையிலயும் இருக்கும். என் மவன் சொல்லியிருக்கான்.”

அங்கேயும் அழித்தேன். மற்ற படங்களையும் கேட்காமலே அழித்தேன்.

“ஆன்ட்டி, குழுவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வீட்டுக்குப் போகணும்.”

அவர் தன் கைபேசியை வாயருகே வைத்து, குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசினார். “எல்லாரும் கேட்டுக்குங்க, அந்த ஆளு கெடச்சாச்சு, இப்ப என் வீட்டு வாசல்லதான்...” விரல் நழுவிவிட்டது. பாதிப் பேச்சு அப்படியே போய்விட்டது.

“அலமாக்” என்று, ஐயோ என்பதுபோல், மெதுவாகச் சொன்னார். மறுபடி அழுத்துவதற்குள் தெருமுனையில் மோட்டார் சத்தம். தாமான் காவல் சுற்றும் ஆள், கைப்பிடியோடு சேர்த்து ஒரு கட்டையைப் பிடித்தபடி நேராக எங்களை நோக்கி வந்தார். நான் மகளின் தலையைக் கையால் மூடிக்கொண்டேன். ஓடினால் தப்பு என்று தோன்றியது. நின்றாலும் தப்பு என்று தோன்றியது. ஆன்ட்டி சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். பூட்டு திறந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, தான் வெளியே போய் நின்றார்.

“கட்டையக் கீழ போடுங்க. இது நம்ம வரிசைப் பொண்ணு.”

“ஆளு எங்க?”

“இவங்கதான் ஆளு. குருவி பாக்க வந்திருக்காங்க.”

காவல் ஆள் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஜாக்கெட்ட அப்படிப் போட்டா வேற என்னக்கா நெனைக்கிறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கட்டையை மோட்டாரில் சொருகிவிட்டு, ஆன்ட்டியின் இரண்டாவது பதிவில் அவரும் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“எல்லாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நீங்க முன்னால நடங்க, நான் பின்னால வர்றேன்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மோட்டாரை மெதுவாக உருட்டியபடி, எனக்குச் சில அடி பின்னால் வந்தார். ஒரு வீட்டு ஜன்னலில் திரை விலகி மூடியது. திரும்பிப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன். என் வீட்டு வாசலில் அவர் நின்றார். நான் கிரிலைத் திறந்து, உள்ளே போய், பூட்டிய பிறகுதான் மோட்டார் நகர்ந்தது. தெருமுனை தாண்டி அந்தச் சத்தம் ஓயும்வரை மகளை இறக்கிவிடாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.