எதிர்த்தரப்பு ஊட்டிய கஞ்சி

நாலைந்து வருடங்களுக்கு முன் சித்தூர் கோர்ட்டில் நடந்தது இது. விவாகரத்து கேட்டு என் கணவர் அங்கே வழக்குப் போட்டிருந்தார். நான் கைக்குழந்தையோடு காட்பாடியில் அம்மா வீட்டில் இருந்தேன். வாய்தாவுக்கு வாய்தா மகனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். போகாவிட்டால் என் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

பக்கத்து ஊர்தானே, கேஸை வேலூருக்கு மாற்றிவிடுங்கள் என்று வக்கீலம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டேன். அவர் சிரித்தார். சித்தூரிலிருந்து கடப்பாவுக்கு மாற்றுவதென்றால் அமராவதி ஹைகோர்ட் போதுமாம். வேலூரிலிருந்து மதுரைக்கு என்றால் சென்னை ஹைகோர்ட். ஆனால் ஒரு மாநிலத்தின் ஹைகோர்ட் சொன்னால் அடுத்த மாநிலத்துக் கோர்ட் கேட்காதாம். ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கேஸ் வர வேண்டுமானால் டெல்லி சுப்ரீம் கோர்ட்தான் உத்தரவு போட வேண்டுமாம். நான் போனால் பஸ்ஸில் ஒரு மணி நேரம். கேஸ் மட்டும் டெல்லியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். என்ன செய்வது, மனு போட்டோம். உத்தரவு வரும்வரை சித்தூருக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

அன்றைக்குக் கொளுத்தும் வெயில். கோர்ட் வராந்தாவில் மகன் ஊரைக் கூட்டி அழுதான். உள்ளேயிருந்து தெலுங்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஆளில்லை. அப்போது குழந்தைக்காகக் கையை நீட்டியவர் என் நாத்தனார், கணவரின் அக்கா. எதிர்த்தரப்போடு வந்தவர். அந்த வீட்டார் கையில் மட்டும் குழந்தையைக் கொடுத்துவிடாதே, தூக்கிக்கொண்டு போய்விட்டால் அதற்கு இன்னொரு கேஸ் நடத்த வேண்டியிருக்கும் என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் மறுபடியும் என் பெயர் கேட்டது. கொடுத்துவிட்டேன்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நினைவில்லை. வெளியே வந்து பார்த்தால் நாத்தனார் நின்ற இடம் காலி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவரைப் பார்த்தேன். அவரும் திருதிருவென்று விழித்தார். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம், ஆளுக்கொரு பக்கமாகக் குழந்தையைத் தேடி ஓடியதுதான்.

கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் நாத்தனார். வீட்டிலிருந்து கொண்டு வந்த கேழ்வரகுக் கஞ்சியைக் கடையில் சூடாக்கி வாங்கி ஊட்டிக்கொண்டிருந்தார். என் மகன் அவர் மடியில் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பயந்துட்டியாம்மா? கேஸு உனக்கும் அவனுக்கும்தான். நான் கொயந்தைக்கு அத்தை. பசியில கத்திக்கினு இருந்தான், அதான் தூக்கியாந்தேன். நீயும் ஒக்காரு, உனக்கும் சோறு கட்டியாந்திருக்கேன்."

அழுதுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டேன். கணவர் தள்ளி நின்று பார்த்தார். அவருக்குச் சோறு கட்டி வரவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அதன்பிறகு ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த பெஞ்சில்தான் எனக்குச் சாப்பாடு.

சில மாதங்களில் டெல்லி உத்தரவு வந்து, கேஸ் வேலூருக்கு மாறியது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் இனி நாத்தனாரைப் பார்க்க முடியாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேலூரில் முதல் வாய்தாவன்று ஆட்டோவை விட்டு இறங்கினால், கோர்ட் வாசலில் கஞ்சி டப்பாவோடு நிற்கிறார். கேஸைத்தானே மாற்றினீர்கள், என்னையா மாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

கடைசியில் இருவர் சம்மதத்தோடு விவாகரத்தாகிவிட்டது. மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். லீவு விட்டால் சித்தூர் அத்தை பஸ் ஏறி வந்துவிடுவார். அவரை யாரென்று அக்கம்பக்கத்தில் கேட்டால், யோசிக்காமல் என் நாத்தனார் என்றுதான் சொல்கிறேன். முன்னாள் கணவர் என்று ஒருவர் எனக்கு இருக்கிறார். முன்னாள் நாத்தனார் என்று சொல்ல மட்டும் இன்றுவரை வாய் வரவில்லை.