நான் குப்பையால் செய்த காணி

குப்பை ஒரு மாரி நனைந்து ஒரு கோடை காய்ந்தால் மண்ணாகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். பள்ளியில் வானிலையாலழிதலைப் பாடமாக்கி, பாறை வெயிலில் வெடித்து, மழையில் கரைந்து, வேர் புகுந்து பிளந்து, எத்தனையோ தலைமுறை நொறுங்கித்தான் மண் வருகிறது என்று எழுதிப் புள்ளி வாங்கியவன்தான். சோதனையில் எழுதியதை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்து ஆண்தான் பெட்டியோடு வந்து சேருவான். வீட்டைச் சுற்றிய வளவு, கிணறு, தென்னை எல்லாம் மனைவியின் பெயரில். அடுத்த வளவு அவளுடைய தங்கைக்கு. அங்கே இன்னொரு பெட்டியோடு வந்தவர் என் சகலன், வாவியில் இறால் பிடிப்பவர். எனக்கென்று ஒரு பிடி மண் இல்லை. ஆனால் வளவின் பின்பக்கம் வாவி. அதைத் தூர்த்தால் வருகிற நிலம் எந்தப் பெண்ணின் காணி உறுதிப் பத்திரத்திலும் இல்லை.

தூர்த்தேன். தேங்காய்மட்டை, இறால் கோது, கோழிக்கடையில் இருந்து சாக்கில் வந்த சிறகும் குடலும், மூத்திரம் ஊறிய மெத்தை, மூத்தவள் குழந்தையாக இருந்தபோது கட்டிய பம்பஸ். சகலன் மீன் தலைகளைத் தந்து உதவினார். கரையில் சேற்றுக்குள் வேர்க்கால் ஊன்றி நின்ற கண்ணா மரங்களை, நுளம்பு வந்து கடிக்கிறது என்று வெட்டினேன். தன் பக்கத்துக் கண்ணாவைச் சகலன் விட்டுவைத்தார்; தோணி கட்ட ஒரு மரம் வேண்டும், மற்றவற்றை வெட்ட அலுப்பு.

வருடக்கணக்காக நாறியது. மண்ணாகும்போது அப்படித்தான் நாறும் என்று வீட்டில் விளங்கப்படுத்தினேன். மேலே சரளைக் கிறவல் கொட்டிப் பரப்பினேன். புல் முளைத்தது. வருகிறவர்களிடம் "இது என்ட காணி" என்று காட்டத் தொடங்கினேன். கிணற்றடியில் இருந்த கக்கூஸை இடித்துவிட்டு, என் காணியில் குழி தோண்டி, கொங்கிறீட் வளையம் இறக்கிப் புதிதாகக் கட்டினேன்.

"ஓம், கக்கூஸ் உங்கட காணியிலயே இரிக்கட்டும்," என்றாள் மனைவி.

இந்த மாரியில் வாவி நிரம்பிப் பின்படிவரை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்து நிற்கும். அதை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் இறங்கும். "வெட்டச் சொல்லுங்க" என்று சந்தியில் நின்று அதிகம் கத்தியவன் நான்தான். வெட்டினார்கள். வாவி மளமளவென்று இறங்கியது. எனக்குச் சந்தோசம்.

மறுநாள் காலையில் கக்கூஸில் குந்தியிருந்தேன். வாளிக்குள் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நின்றது. வாளிதான் பிழை என்று அதைத் திருப்பி வைத்தேன். தண்ணீர் மறுபடியும் வாவிப் பக்கமே சாய்ந்தது. அதையும் நான் சிறிது நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு தரை முனகியது. சாரனைக் கையில் பிடித்தபடி வெளியே பாய்ந்தேன்.

என் காணியின் வாவிப் பக்கம் சரிந்து போயிருந்தது. குப்பைக்குள் ஊறியிருந்த தண்ணீரை வெளியே நின்ற வெள்ளம்தான் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தது. வெள்ளம் இறங்க முட்டும் போய்விட்டது. பிடித்துவைக்க ஒரு வேர்கூட இல்லை.

வெட்டிய கேக் மாதிரி உள்ளே எல்லாம் தெரிந்தது. மேலே நாலு விரல் அளவு, புல் வேரோடும் மண்புழுவோடும் கறுத்த மண். அவ்வளவுதான் மண். அதன்கீழ் கிறவல். அதற்கும் கீழே, போட்டது போட்டபடி, எங்கள் குடும்பம். சளி மாதிரி இழுபட்ட கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அதில் வெள்ளைப் புழு நெளிந்தது. அழுகிய முட்டை வாசம் வாய்க்குள் போய் நாக்கில் ஒட்டியது, துப்பியும் போகவில்லை. பம்பஸ் ஒவ்வொன்றும் ஊதித் தலையணை போல் இருந்தது.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "இந்தா, மூத்தவள்ற பம்பஸ். அவள் இப்ப ஏ.எல். சோதனைக்குப் படிக்கிறாள். இது இன்னும் மண்ணாகல்லியா?"

இந்த அசிங்கத்தின் நடுவில் குழியின் வளையங்கள் பாதி வெளியே தெரிந்தபடி நின்றன. அவற்றின் பொருத்தில் கசிந்தது என்னவென்று எழுதமாட்டேன். குழி உடைந்தால் வாவிக்குள்தான் போகும். சகலன் அதைப் பார்த்தார், தன் வலையைப் பார்த்தார்.

"அண்ணன், இது உடைஞ்சா என்ட இறால ஆர் வாங்குவான்?"

நான் கிராம சேவகருக்குப் போன் எடுத்து அனர்த்தம் என்றேன். என்ன அனர்த்தம் என்றார். கக்கூஸ் என்றேன். குழி உறிஞ்சும் பவுசர் வண்டி, ஒழுங்கையில் வெள்ளம் வடியாமல் உள்ளே வராது என்றார். பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே கூச்சம். நைலோன் கயிறு எடுத்து, கக்கூஸைச் சுற்றிக் கட்டி, மறு நுனியைச் சகலனின் கண்ணா மரத்தில் முடிந்தேன்.

சகலன் முடிச்சைத் தடவிப் பார்த்தார். "தோணி கட்டவெண்டா இந்த முடிச்சுக் காணும். இது மிதக்குமா அண்ணன்?"

"சிரிக்காம இழுத்துப் பிடியுங்க."

"என்னத்த பிடிக்க? உள்ள இரிக்கிறதும் நீங்க போட்டதுதானே. நீங்களே பிடிங்க."

ஆனாலும் பிடித்தார். இருவரும் முழங்கால்வரை அந்தச் சேற்றில் புதைந்து, மூச்சை அடக்கியடக்கி விட்டபடி, ஒரு கக்கூஸைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்கு அழுகை வந்தது. வாயைத் திறக்க அருவருப்பாக இருந்ததால் அழவில்லை.

"ரெண்டு பேரும் இஞ்சால வாங்க," என்றாள் மனைவி. "போறது போகட்டும். உங்களையும் அதுக்குள்ள தேட என்னால ஏலா."

கயிற்றை விட்டோம்.

பின்னேரம் கக்கூஸ் சரிந்தது. குழி உடைந்து வாவியில் கலந்தது. சகலன் மாரி முடியும்வரை அந்தப் பக்கம் வலை போடவில்லை. அவருடைய கரை கண்ணாவோடு அப்படியே நிற்கிறது. என் காணி முழுவதும் போய்விட்டது. அதோடு மனைவியின் காணியில் கரையோரத் தென்னை இரண்டும், அவை நின்ற மண்ணும் போயின. இப்போது நாங்கள் அவளுடைய தங்கை வீட்டுக் கக்கூஸுக்குப் போகிறோம்.