புற்றுக்கு ஒதுங்கிய வீடு

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள். கொத்தனார் சிட்டிபாபுவின் பிழைப்பும் அதுதான். காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு அவன் கட்டிய வீடு நிற்கிறது. அவனோ மனைவி நதியாவோடும் மகள் அனுவோடும் ஒற்றை அறை வாடகை வீட்டில், அடுத்த வீட்டுக் குழம்பு வாசனையை மோந்துகொண்டு காலம் தள்ளினான்.

கடைசியில் ஓரிக்கையைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் ஒரு துண்டு நிலம் அமைந்தது. நிலம் என்று சொல்வது மரியாதைக்கு. காரையும் ஈச்சையும் மண்டிய புதர்க்காடு. ஒரு வேம்பு, சில பனைகள், நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு புற்று. சிட்டிபாபுவுக்குப் பார்த்ததுமே அந்தக் காட்டின்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. நதியாவுக்குப் பாம்பு என்ற பேச்சை எடுத்தாலே கால் கூசும்.

"புத்து இருக்கற எடத்துக்கு நான் வரமாட்டேன்யா. நீயும் உன் மவளும் போய் இருங்க."

அவள் இல்லாத வீட்டைக் கட்டி அவன் என்ன செய்வான்? அவள் பயத்தை அளந்து அளந்தே வீட்டை முதலில் தாளில் வரைந்தான். தரையை நன்றாக உயர்த்தினான். சுற்றிலும் புல் முளைக்காதபடி அகலமாகச் சிமெண்டுத் தளம். துணி துவைக்கிற கல்கூட வீட்டுக்குள்ளேதான். காட்டுக்கும் ஒரு குறை வைக்கவில்லை. பிற்பகலில் வேப்ப நிழல் விழும் இடத்தில் படுக்கையறை. ஒரு பனைக்காகச் சுவரையே உள்ளே தள்ளினான்.

"வூடு கட்டறியா, மரத்துக்குச் சட்ட தெக்கிறியா?" என்று உடன் வேலை செய்யும் வீரபாகு கிண்டலடித்தான்.

புற்றை மட்டும் விட்டுக்கொடுத்தான். மனசு கேட்கவில்லை. ஆனால் அது போனால்தான் அவள் வருவாள். ஜேசிபிக்குச் சொல்லிவிட்டான்.

ஜேசிபி வந்த அன்று காலை நதியாவும் வந்து ரோட்டோரமாகவே நின்றாள். வெள்ளைப் பொடியால் தரையில் வீட்டுக்குக் கோடு போட்டிருந்தது. சமையலறைக் கோடு புற்றின் மேலேயே ஏறிப் போனது. ஜேசிபி இரும்புக் கையைத் தூக்கியதுதான் தாமதம், அவள் ஓடி வந்தாள். ஒரு செருப்பு புதரில் மாட்டிக்கொண்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிறுத்துப்பா! நிறுத்து!"

"இன்னாமா? உனக்கோசரந்தான எடுக்கறேன்?" என்றான் சிட்டிபாபு.

"எடுத்தா உள்ள இருக்கறது எங்கயா போவும்?"

"எங்கனா போவும்."

"எங்கனான்னா? ஏரிக்கரையில எங்க குடிசைய இப்டித்தான் மிசினு வெச்சு இடிச்சாங்க. நாங்க எங்க போனோம்? இடிச்ச எடத்தயே சுத்திச் சுத்தி வந்தோம். எங்கம்மா அடுப்பக் கையில வெச்சிக்கினு நின்னுக்கினே இருந்துச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதுவும் இங்கதான் சுத்தும். அது வூட்ட வுட்டுடுயா. நம்ம வூட்ட நகத்து."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அடுப்பைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. ஜேசிபி ஓட்டுநர் ராமராஜன் இன்ஜினை அணைத்துவிட்டு, புற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கோடுகளைக் காலால் அழித்துவிட்டு சிட்டிபாபு புதிதாகப் போட்டான். சமையலறை மறுபக்கம் போனது. மடக்கிய முழங்கைபோல வீடு புற்றை விட்டு ஒதுங்கியது. நடுவே காரைப்புதரை வேலியாக விட்டுவைத்தான். வாஸ்து தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும், அவர்களா குடியிருக்கப் போகிறார்கள்?

பால் காய்ச்சிய அன்று, சாமிக்கு வைத்த கையோடு அடுத்த டம்ளரை நதியா எடுத்துக்கொண்டாள். "கூட வாய்யா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதர் ஓரமாகப் போனாள். நகம் பதிந்து அவனுக்கு வலித்தது. புற்றுக்குக் கொஞ்சம் தள்ளியே பாலை வைத்தாள்.

"நாங்க வந்துட்டோம்" என்றாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல. "நீ உன் வூட்ல இரு. நாங்க எங்க வூட்ல இருக்கறோம்."

சொல்லிவிட்டுத் திரும்பி ஒரே ஓட்டம். படியேறி உள்ளே வந்த பிறகுதான் அவன் கையை விட்டாள்.