படகில் பின்னால் பார்க்கும் ஆள்

எழுபதுகளின் தொடக்கத்தில் எண்ணூர் கழிமுகத்தில், கம்பெனி அதிகாரிகள் நடத்திய ஒரு கிளப்பில் நான் ஸ்பீட் போட் ஓட்டினேன். அதிகாரிகள் காலில் பலகை கட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்குவார்கள். எங்கள் மெக்கானிக் சேவியர் பலகை இல்லாமல், வெறுங்காலில் சறுக்கினான். நேராகப் போவது வந்துவிட்டது. போகும்போதே திரும்பி, படகுக்கு முதுகைக் காட்டிப் போக வேண்டும் என்பது அடுத்த ஆசை.

முதல் பழக்கம் தரையில்தான். கல்மண்டபம் பகுதியில் இருந்த அவன் வீட்டு ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி, சிமெண்ட் தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பழகுவான். அவன் மனைவி ரோஸி அரிசி களைந்தபடி கவனிப்பாள்.

"இன்னாய்யா, முட்டி நிமிந்துகினு கீது. இப்ப வுழுவ பாரு."

சொன்ன கையோடு விழுவான்.

அதன் பிறகு, படகின் பக்கவாட்டில் நீட்டிக் கட்டிய இரும்புக் குழாயைப் பிடித்துப் பழகினான். அது கைவந்த பிறகே நீளக் கயிறு. விழுந்தால் கைகாலை விரிக்காமல் பந்து மாதிரி சுருண்டுகொள்ள வேண்டும். அந்த வேகத்தில் தண்ணீர் கருங்கல். பின்னந்தலை அடித்தால் கழுத்து போய்விடும். கால்சட்டைக்குள் பழைய லாரி டியூபையும் வெட்டித் தைத்திருந்தான். அது எந்த இடத்தைக் காப்பாற்ற என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கிளப் ஆண்டு விழாவில் சேவியர் திரும்பிக் காட்டுவான் என்று செக்ரட்டரி மைக்கில் சொல்லிவிட்டார். நாங்கள் பழகியதெல்லாம் விடியற்காலையில், தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும்போது. விழாவோ சாயங்காலம். கடல்காற்று எழும்பிவிட்டது.

"காத்து வந்துடுச்சு சார்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"அஞ்சு நிமிஷ வேலைப்பா. கிளம்பு, கிளம்பு!" என்றார் செக்ரட்டரி.

ஓட்டுபவன் முன்னால்தான் பார்க்க வேண்டும். சறுக்குபவனைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் பின்னோக்கி உட்காருவார். அந்த ஆளை விருந்தினரைக் கவனிக்க அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ரோஸியை ஏற்றிக்கொண்டோம்.

படகு கிளம்பியதும் சேவியர் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர்மேல் எழுந்துவிட்டான்.

"கட்டைவெரல தூக்குறாரு அண்ணாத்தே!" என்று ரோஸி கத்தினாள். வேகம் வேண்டும் என்பதற்கான சைகை அது. கூட்டினேன்.

"வேணாம், வேணாம்! முட்டி நிக்கல. காலு தத்தளிக்குது. நிறுத்து!"

"திரும்பப் போறானாம்மா?"

"ஜனம் பாத்துகினு கீதுன்னு திரும்பிடுவாரு. கழுத்து போச்சுன்னா இந்த ஜனமா வந்து கஞ்சி ஊத்தும்? நிறுத்து அண்ணாத்தே!"

வேகத்தைக் குறைத்தேன். சேவியர் உட்கார்ந்த வாக்கில் தண்ணீருக்குள் அமிழ்ந்தான். கரையிலிருந்து ஒருவன், "இன்னா மாமு, குளிக்கவா வந்தே?" என்றான். கரையெல்லாம் சிரிப்பு.

படகில் ஏறியதும் சேவியர் கேட்டான்: "யார்டீ நிறுத்தச் சொன்னது?"

"நான்தான். வூட்டுக்கு வந்து சண்டை போடு. சண்டை போடவாவது ஆளு முழுசா வேணும்ல?"

எங்கள் இருவர் மேலும் இருந்த கோபம் அவனுக்கு ஆறச் சில நாள் ஆனது. பிறகு ஒரு விடியற்காலை அவனே ரோஸியைக் கூட்டி வந்து பின்னால் உட்கார வைத்தான். கரையில் யாரும் இல்லை. அன்று சுத்தமாகத் திரும்பினான். ரோஸி கைதட்டவில்லை. அவன் தண்ணீரில் உட்காரும்வரை படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இப்போது பழகுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பின்னால் பார்க்க உட்காருபவருக்குச் சைகை தெரிந்தால் மட்டும் போதாது. உங்கள் கோபத்துக்குப் பயப்படாதவராகவும் இருக்க வேண்டும்.